அழாத பிள்ளை

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் கேட்டபொழுது, கல்லூரி நாட்களின் இனிய நினைவுகளையே எழுதலாமென்று முதலில் எண்ணினேன். கண்டி வாவிக் கரையோரமாக மழையில் நனைந்து வந்ததும், நனைந்த சட்டையோடு காலைப் பிரார்த்தனைக்கு வரிசையில் நின்றதும் இன்றும் கண்முன் தோன்றுகின்றன. எனினும் அத்தகைய நினைவுகளை என்னிலும் சுவைபட எழுத வல்லார் நம்மிடையே பலர் உளர். முப்பத்து நான்கு ஆண்டுகளை ஆசிரியத் தொழிலிற் கழித்தவன் நான். அத்தொழிலிலே நான் செய்த பிழையொன்றையும், அது பிழையென்று பிற்காலத்தில் எனக்கு உணர்த்திய ஆராய்ச்சிகளையும் எடுத்துக் கூறினால், ஆசிரியராயும் வைத்தியராயும் தோட்ட உத்தியோகத்தராயும் விளங்கும் நம் அன்பர்களுக்கு ஓரளவேனும் பயன்படும் எனக் கருதி இதனை எழுதலானேன்.

1985ஆம் ஆண்டில் மலைநாட்டுப் பாடசாலையொன்றில் ஆறாம் வகுப்புக்கு நான் பொறுப்பாசிரியனாயிருந்தேன். தோட்டமொன்றிலிருந்து வந்த சிறுவன் ஒருவன் அவ்வகுப்பில் இருந்தான். வினாவொன்று கேட்டால் அவன் என் முகத்தைப் பாரான், சுவரைப் பார்ப்பான். இரண்டு வரி வாசித்தால் மூன்றாவது வரியில் மனம் எங்கோ போய்விடும். அருகிலிருப்பவன் தோளிற் கைவைத்தாற் போதும், திடுக்கிட்டு விலகுவான். சில வேளைகளிற் கையில் அகப்பட்டதைக் கொண்டு அடித்தும் விடுவான். அதற்குத் தண்டனையாகப் பிரம்படி பட்டாலும் அவன் கண்ணில் ஒரு துளி நீர் வாராது. ஆண்டிறுதி அறிக்கையிலே, 'மந்த புத்தி. முயற்சி இல்லை' என்று என் கையாலேயே எழுதினேன்.

அறிக்கையை வாங்க அவன் தாய் வந்தாள். கொழுந்து பறித்துக் கறைபடிந்த விரல்களால் அத்தாளை வாங்கிக்கொண்டு, நான் படித்துச் சொன்னதைக் கேட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தாள். பின்பு மகனுக்காகப் பரிந்து பேசுபவள் போல, "ஐயா, இவன் கைப்புள்ளையிலே ரொம்ப நல்ல புள்ளைங்க. அழவே மாட்டான். மடுவத்துத் தொட்டில்ல போட்டா போட்டபடி கெடப்பான். ஆயாம்மாவே மெச்சுவாங்க" என்றாள். அச்சொற்களை நான் அன்று பொருட்படுத்தவில்லை. சிறுவன் மறு ஆண்டு பாடசாலைக்கு வரவில்லை. கொழும்பிலே ஒரு கடையில் வேலைக்குப் போய்விட்டானென்று கேள்விப்பட்டேன்.

தோட்டங்களை அறியாத அன்பர்களுக்காகப் பிள்ளை மடுவத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறவேண்டும். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்பார் கண்டிக்கு அணித்தான லூல்கந்துரையிலே தேயிலையைப் பெருந்தோட்டப் பயிராக நட்ட நாள் தொட்டு, கொழுந்து பறிக்கும் தொழில் பெரும்பாலும் பெண்களின் கையிலேயே இருந்து வருகிறது. விடியற் பொழுதிலே தப்பொலி கேட்டெழுந்து, அடுப்பை மூட்டி, பிரட்டுக்குப் பேர் கொடுத்து மலை ஏறும் தாய், கைக்குழந்தையை எங்கே விடுவாள்? அதற்கென அமைந்ததே பிள்ளை மடுவம். தகரக் கூரையின் கீழ் ஓர் அறை; வளையிலிருந்து தொங்கும் சேலைத் தொட்டில்கள்; பிள்ளைகளைப் பார்க்க ஓர் ஆயாம்மா. அவ்வாயாம்மா பெரும்பாலும் மலையேற முடியாத முதியவளாயிருப்பாள். இருபது பிள்ளைகளுக்குப் பாலும் சோறும் கொடுத்து, துணி மாற்றி, துவைத்து உலர்த்துவதற்குள் அவளுடைய பகல் கழிந்துவிடும். தொட்டிலிற் கிடக்கும் பிள்ளை அழுதால் எடுக்க அவளுக்கு மனமிருக்கும், கையிராது.

என் மாணவன் 1974இல் பிறந்தவன். 1973ஆம் 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிற் பரவிய பட்டினியை நம்முள் மூத்தோர் மறந்திரார். நான்காவது பிள்ளையான அவனைப் பெற்ற தாய், நாற்பது நாள் கழிவதற்கு முன்னமே மலைக்குத் திரும்பினாள் என்பதைப் பின்னர் அவனுடைய உறவினர் ஒருவர் வாயிலாக அறிந்தேன்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது நம்மவர் பழமொழி. கேட்டாற்றான் கிடைக்கும் என்று வளர்ந்தோர்க்குச் சொல்லப்படும் அறிவுரையாகவே அதனை நாம் வழங்குகிறோம். சிசுவைப் பொறுத்தவரை அதன் பொருள் இன்னும் ஆழமானது. சிசு உலகத்தோடு நடத்தும் முதல் உரையாடல் அழுகையே. அழுதால் ஒருவர் வருகிறார், வந்தவர் முகத்தை நோக்குகிறார், ஏதோ சொல்கிறார், பசி தீர்கிறது. இது நாளொன்றுக்குப் பன்முறை நிகழ, 'நான் அழைத்தால் உலகம் மறுமொழி கூறும்' என்னும் நம்பிக்கை மொழியறியாப் பருவத்திலேயே அதன் மூளையிற் பதிகிறது. எத்தனை முறை அழுதும் எவரும் வாராவிடின், அப்பிள்ளை ஒரு நாள் அழுவதை நிறுத்திவிடும். நாம் அதனைச் சமர்த்துப் பிள்ளை என்போம்.

மூளையிற் பதிகிறது என்றேன். இது அணியாகச் சொன்னதன்று. பிறக்கும்போது மனித மூளையின் நிறை வளர்ந்தோர் மூளையின் நிறையில் ஏறத்தாழக் காற்பங்கு மட்டுமே. இரண்டு ஆண்டுகளுக்குள் அது முக்காற் பங்கையும் கடந்து விடுகிறது. அவ்வளர்ச்சி நரம்புக் கலங்களின் தொகை பெருகுவதால் உண்டாவதன்று. கலத்துக்கும் கலத்துக்கும் இடையேயுள்ள இணைப்புக்கள் பெருகுவதே அதற்குப் பெருங் காரணம். முதலாண்டுகளில் ஒவ்வொரு வினாடியிலும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட புதிய இணைப்புக்கள் தோன்றுகின்றன எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். இயற்கை வேண்டியதற்கும் மிகுதியாகவே இணைப்புக்களைப் படைத்து வைக்கிறது. அவற்றுட் பழகியவை நிலைத்துத் தடிக்கின்றன, பழகாதவை கழிக்கப்படுகின்றன. மலைச்சரிவிலே ஆள் நடக்கும் ஒற்றையடிப் பாதை தெளிந்து வருவதும், நடவாத பாதையை மானாப் புல் மூடிவிடுவதும் போன்றது இது.

ஹியூபெல், வீசல் என்னும் இரு விஞ்ஞானிகள் 1960களிற் செய்த பரிசோதனை இதனை நன்கு விளக்கும். பிறந்த பூனைக்குட்டியின் ஒரு கண்ணை முதல் மூன்று மாதங்கள் மூடித் தைத்து வைத்துப் பின்னர் திறந்தனர். கண்ணிலே பழுதொன்றுமில்லை; ஆயினும் மூளை அக்கண்ணின் செய்தியை ஏற்க மறுத்துவிட்டது. வளர்ந்த பூனையின் கண்ணை அதேயளவு காலம் மூடி வைத்தபோது அத்தகைய கேடு விளையவில்லை. ஒளி வரவேண்டிய காலத்தில் வராமற்போனால், பின்னர் வரும் ஒளிக்கு வாயில் குறுகிவிடுகிறது. 1981இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கண்ணுக்கு ஒளி எப்படியோ, குழந்தையின் உள்ளத்துக்கு மனித முகமும் குரலும் அப்படி.

அம்முகமும் அசைவற்றிருந்தாற் பயனில்லை என்பதை எட்வேட் டிரொனிக் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1970களில் எளியதொரு சோதனையாற் காட்டினார். தாய் சில மாதக் குழந்தையோடு கொஞ்சிப் பேசிக்கொண்டிருக்கிறாள். திடீரென அவள் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு, இரண்டொரு நிமிடம் ஒரு மறுமொழியுமின்றி இருக்க வேண்டும். குழந்தை முதலிற் சிரித்துப் பார்க்கிறது. பின்பு கையை நீட்டுகிறது, குரலெழுப்புகிறது. ஒன்றும் பலியாதபோது முகத்தைத் திருப்பிக் கொண்டு சோர்ந்து விடுகிறது. தாய் அங்கேயே இருக்கிறாள், பசியுமில்லை, அடியுமில்லை. மறுமொழி ஒன்றுதான் இல்லை. இரண்டு நிமிடம் செய்யும் வேலை இது. நாள்தோறும் எட்டு மணி நேரம், இரண்டு ஆண்டுக்காலம் என்றால் என்னாகும்?

இங்கே நம் தமிழைப் பற்றி ஒரு சொல் சொல்லாமற் போக மனம் வரவில்லை. மறுமொழியால் மழலை வளர்கிறது என்பதை ஆய்வுகூடங்களிற் கண்டறிவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, அதற்கென ஒரு பிரபந்த வகையை வகுத்தவர்கள் நம் புலவர்கள். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை நாமெல்லோரும் வகுப்பில் மனனஞ் செய்திருக்கிறோம். மூன்றாந் திங்கள் முதல் இருபத்தோராந் திங்கள் வரையுள்ள ஒற்றை மாதங்களை அப்பருவங்களுக்கு உரியனவாகப் பாட்டியல் நூல்கள் வகுத்துரைக்கும். அவற்றுட் பெரும்பாலானவை குழந்தையை நோக்கி விடுக்கும் வேண்டுகோள்களே என்பதைக் கவனியுங்கள். தலையை நிமிர்த்திச் செங்கீரை ஆடு, கைகொட்டு, முத்தந் தா, நடந்து வா, வெண்ணிலாவே, இப்பிள்ளையோடு விளையாட வா. பாடுவோர் ஒன்றைக் கேட்கிறார். குழந்தையின் செயலுக்காகக் காத்திருக்கிறார். ஒருவர் அடித்த பந்தை மற்றவர் திருப்பியடிப்பது போன்ற இந்தக் கொள்வினை கொடுப்பினையையே இன்றைய ஆராய்ச்சியாளர் மூளைவளர்ச்சியின் அடிப்படை என்கின்றனர். இருபத்தோராந் திங்களோடு ஆண்பாற் பிள்ளைத்தமிழ் சிறுதேர் உருட்டி முடிந்து விடுகிறது. இவ்வெல்லையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு அருகிலேயே மற்றோர் எல்லையைக் காண்போம். புலவர்கள் விஞ்ஞானம் அறிந்து பாடினர் என்று நான் வாதிடவில்லை. பிள்ளை வளர்த்த தாய்மாரைப் பார்த்துப் பாடினார்கள், அதுவே போதும்.

மறுமொழியற்ற குழந்தைகளை வைத்தியவுலகம் முதன்முதல் ஊன்றி நோக்கியது இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் ஆகும். ரெனே ஸ்பிட்ஸ் என்னும் வைத்தியர் இரண்டு நிலையங்களை ஒப்பிட்டு 1945இல் எழுதினார். ஒன்று பெற்றோரற்ற சிசுக்களின் இல்லம். சுத்தமும் உணவும் மருத்துவமும் குறைவற்றவை. ஆயின் எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு தாதி கூடக் கிடையாது. மற்றது பெண்கள் சிறையோடு சேர்ந்த மழலைக் கூடம். அங்கே கைதிகளான தாய்மாரே தம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டனர். சிறைக் குழந்தைகள் நன்கு வளர்ந்தன. சுத்தமான இல்லத்திலோ 91 குழந்தைகளுள் 34 இரண்டாண்டுகளுக்குள் மாண்டன.

இப்பொருள் பற்றிய மிகத் தெளிந்த அறிவு ருமேனியா நாட்டின் பெருந் துயரிலிருந்து பிறந்தது. 1966இல் அந்நாட்டு ஆட்சி கருக்கலைப்பைத் தடைசெய்து, பிள்ளைகளைப் பெருக்குமாறு குடும்பங்களை நெருக்கியது. வளர்க்க வழியற்றோர் பிள்ளைகளை அரசாங்க இல்லங்களில் விட்டனர். 1989 டிசம்பரிற் சௌசெஸ்கு வீழ்ந்தபோது, இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவ்வில்லங்களில் இருக்கக் கண்டனர். உட்சென்றவர்கள் திகைத்த செய்தியொன்று பலராலும் எழுதப்பட்டுள்ளது. வரிசை வரிசையாகக் கட்டில்கள், கட்டில் தோறும் குழந்தை, ஆயினும் அறையிலே அழுகையொலி இல்லை. இதனை நான் முதன்முதல் வாசித்த இரவு, கொழுந்துக் கறை படிந்த அந்தத் தாயின் விரல்களும் அவள் சொன்ன வார்த்தையும் நினைவுக்கு வந்தன. அதன்பின் வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

2000ஆம் ஆண்டிலே நெல்சன், பொக்ஸ், சீனா என்னும் மூன்று அமெரிக்க ஆராய்ச்சியாளர் புக்காரெஸ்ட் நகரில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். ஆறு இல்லங்களிலிருந்து, ஆறு மாதம் முதல் இரண்டரை வயது வரையான 136 குழந்தைகளைத் தெரிந்து, திருவுளச்சீட்டுப் போல இரு கூறாக்கி, ஒரு கூற்றினரை வளர்ப்புக் குடும்பங்களில் வைத்தனர். மற்றக் கூற்றினர் வழமைபோல் இல்லத்தில் இருந்தனர். ஒரு சாராரை இல்லத்தில் விட்டது தகுமா என்ற வினா எழுந்ததுண்டு. அக்காலத்தில் அந்நகரில் வளர்ப்புக் குடும்ப ஏற்பாடு இல்லை என்றே சொல்லலாம். எனவே ஆராய்ச்சியால் எவரும் இருந்த நிலையினின்று தாழவில்லை என்று அவர்கள் விடையிறுத்தனர். அவ்விடை எனக்கு முழுமனதான அமைதியைத் தரவில்லை என்பதையும் கூறிவிடுகிறேன்.

முடிவுகள் ஐயத்துக்கு இடமற்றவை. நான்கரை வயதில் அளந்த நுண்மதி ஈவு, இல்லத்திலேயே இருந்த பிள்ளைகளுக்குச் சராசரி 73; வளர்ப்புக் குடும்பம் பெற்றவர்களுக்கு 81; என்றுமே இல்லத்தில் இராத அந்நகரப் பிள்ளைகளுக்கு 109. மூளையின் மின்னலைகளை அளந்தபோது, இல்லப் பிள்ளைகளின் அலைகள் வயதிற் குறைந்த குழந்தையின் அலைகளைப் போல மந்தமாயிருந்தன. மூளையைப் படம்பிடித்துப் பார்த்தபோது சாம்பற் பொருளின் பருமன் குறைந்திருந்தது. கலங்களை இணைக்கும் வெண்பொருளோ, குடும்பத்தில் வளர்ந்தவர்களிடம் ஓரளவு தேறியிருந்தது. யாவற்றிலும் குறிப்பிடத்தக்கது காலக் கணக்கு. இரண்டு வயது நிறைவதற்கு முன் குடும்பத்தை அடைந்த பிள்ளைகளின் மூளையலைகள், எட்டு வயதில் ஏனைய பிள்ளைகளின் அலைகளினின்று பிரித்தறிய முடியாதனவாயின. பின்னர் சென்றோர் அவ்வளவு தேறவில்லை. பிள்ளைத்தமிழின் இருபத்தொரு மாதமும், புக்காரெஸ்டின் இருபத்து நான்கு மாதமும் இவ்வளவு அருகருகே நிற்பதைக் கண்டு நான் வியந்திருக்கிறேன்.

இங்கிலாந்துக் குடும்பங்கள் தத்தெடுத்த ருமேனியப் பிள்ளைகளை மைக்கேல் ரட்டர் என்பாரும் அவர் குழுவினரும் வளர்ந்தோராகும் வரை தொடர்ந்து ஆராய்ந்தனர். ஆறு மாதத்துக்கு முன் இல்லத்தை விட்டவர்கள் பெரும்பாலும் நன்றாகவே தேறினர். அதற்குப் பின் விட்டவர்களுட் பலருக்குக் கவனச் சிதைவும் பழகுவதிலே கோளாறும் நெடுங்காலம் நீடித்தன. இருபது வயது கடந்தபின் எடுத்த படங்களில், அவர்களுடைய மூளை ஒப்பீட்டுக் குழுவினரின் மூளையிலும் 8.6 வீதம் சிறியதாயிருந்தது என 2020இல் வெளியிட்டனர். இடையிலே இருபது ஆண்டுகள் நல்ல குடும்பங்களில் நல்லுணவுண்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். எனினும் அதே ஆராய்ச்சி மற்றொன்றையும் காட்டுகிறது: நெடுங்காலம் இல்லத்தில் இருந்தவர்களுள்ளும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் எந்தக் குறையும் காணப்படவில்லை. பலருடைய நுண்மதி ஈவும் வளர்ந்தபின் உயர்ந்தது. ஆகவே இதனைத் தலைவிதியென்று கொள்ளலாகாது.

அறிவுக்கு நேரும் இக்குறையிலும் உணர்ச்சிக்கு நேருவதே ஆசிரியர்களுக்கு அதிகம் தெரியவேண்டியது. இடர் நேரும்போது கோட்டிசோல் என்னும் ஓமோன் சுரந்து உடம்பை எழுப்புகிறது. குழந்தையால் தன்னைத் தானே அமைதிப்படுத்த இயலாது. அணைப்பவர் கையிலேதான் அது அடங்குகிறது. பலமுறை பிறர் அடக்க, பின்னர் தானே அடங்கக் கற்கிறது. நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி அச்சவுணர்ச்சியை ஆளப் பழகுவது இவ்வாறே. இப்பயிற்சி இல்லாத பிள்ளைகளுட் சிலர் சிறு தொடுகைக்கும் வெகுண்டெழுகின்றனர். வேறு சிலரிடம் இடருக்கு எழவேண்டிய எழுச்சியே மழுங்கிவிடுகிறது. புக்காரெஸ்ட் இல்லங்களில் வளர்ந்தோரிடம் பின்னையதையே பெரிதும் கண்டனர். பிரம்படிக்கு அழாதவனை நான் அழுத்தக்காரன் என்று நினைத்தேன்.

மற்றோர் அடையாளமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் சிலரோடு சிறுவர் இல்லமொன்றுக்குப் பரிசுப் பொருள் கொண்டு சென்றிருந்தேன். நாம் உள்ளே நுழைந்தவுடன் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் ஓடிவந்து கையைப் பிடித்து மடியிலேறிக் கொண்டனர். "எவ்வளவு அன்பான பிள்ளைகள்!" என்று நண்பர் ஒருவர் கண்கலங்கினார். குடும்பத்திலே வளர்ந்த மூன்று வயதுப் பிள்ளை அந்நியரைக் கண்டால் தாயின் சேலைக்குள் ஒளியும். யாரெவரென்று பாராமல் எல்லோரிடமும் தாவுவது, தனக்கென்று ஒருவர் இல்லாத பிள்ளையிடம் காணப்படும் குறி என்று ஆராய்ச்சியாளர் எழுதியிருக்கிறார்கள். நாம் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

இனி, நம் மலைநாட்டுக்கு வருவோம். 'பிள்ளைகளுக்குப் போஷாக்கு இல்லை. அதைக் கொடுத்தால் எல்லாம் சரியாகும்' என்பது பலர் கருத்து. போஷாக்குக் குறைவு உண்மையே. 2016இன் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்குப் பதினேழு பேர் வயதுக்குரிய உயரம் இல்லாதவர்கள்; தோட்டப்புறத்தில் அத்தொகை நூற்றுக்கு முப்பத்திரண்டு. 1973 முதல் திரிபோஷ மா வழங்கப்பட்டு வருவது நற்பணியென்பதில் ஐயமில்லை. ஆனால் உணவு மட்டும் போதாது. யுத்தத்தின் பின் ஜெர்மனியில் எல்சி விடோசன் என்னும் ஆங்கிலப் போஷாக்கு ஆராய்ச்சியாளர் இரண்டு அநாதை இல்லங்களில் ஏறக்குறைய ஐம்பதைம்பது பிள்ளைகளின் நிறையை ஆண்டொன்றுக்குக் கவனித்தார். இடையில் ஓரில்லத்துக்கு மேலதிக உணவு கொடுத்தார். உணவு பெற்ற பிள்ளைகள் கொழுப்பார்கள் என எதிர்பார்க்க, அவர்கள் நிறையோ பெறாதவர்களிலும் குறைவாகவே கூடியது. விசாரித்தபோது காரணம் வெளிப்பட்டது. மேலதிக உணவு தொடங்கிய அதே வேளையில், எப்போதும் சீறி விழும் மேற்பார்வையாளர் ஒருவர் அவ்வில்லத்துக்கு மாறி வந்திருந்தார். சாப்பாட்டு வேளையிலேயே பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி ஏசுவது அவர் வழக்கம். அவருக்குப் பிடித்தமான எட்டுப் பிள்ளைகள் மட்டும் நன்கு நிறை கூடினர்! 1951இல் இது வெளிவந்தது.

இதனினும் நமக்கு அணுக்கமானது ஜமெய்க்கா நாட்டுச் செய்தி. 1980களின் பிற்பகுதியிற் கிங்ஸ்ரன் நகரத்து ஏழைக் குடும்பங்களில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை சலி கிரந்தம் மக்கிரெகர் என்னும் வைத்தியர் நான்கு குழுவாக்கினார். ஒரு குழுவுக்கு வாரந்தோறும் பால்மா, ஒரு குழுவின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதார உதவியாளர் சென்று, வீட்டுப் பொருள்களாற் செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு குழந்தையோடு பேசவும் விளையாடவும் தாய்க்குக் காட்டுதல், ஒரு குழுவுக்கு இரண்டும், மற்றதற்கு ஒன்றுமில்லை. இரண்டு ஆண்டில் வேலை முடிந்தது. இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, விளையாட்டும் பேச்சும் பெற்றவர்களின் உழைப்பு வருமானம் பெறாதவர்களிலும் 25 வீதம் கூடியிருந்தது. பால்மா மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய நீண்டகாலப் பயன் காணப்படவில்லை.

இவற்றையெல்லாம் கேட்டு, 'தாய் வேலைக்குப் போகலாகாது' என்று முடிவு கட்டுவோர் உளர். 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜோன் போல்பி எழுதிய புகழ்பெற்ற அறிக்கையையும் பலர் அவ்வாறே திரித்து வழங்கினர். அது நியாயமன்று. தாய் மலையேறாவிட்டால் அடுப்பு எரியாது. பகலில் எட்டு மணி நேரம் பாட்டியோ சின்னம்மாவோ ஆயாம்மாவோ அன்பாய் மறுமொழி கூறிப் பார்த்துக்கொண்டால், பிள்ளைக்கு ஊறில்லை. தாயா பிறரா என்பதைவிட, ஒருவரேனும் உண்டா, அவர் நாளும் மாறாதவரா என்பதே கேள்வி. மூன்றாம் பிள்ளை முதல் 42 நாளே பிரசவ விடுமுறை என்றிருந்த விதியை 2018இல் திருத்தி, எந்தப் பிள்ளைக்கும் 84 நாளென ஆக்கியது வரவேற்கத்தக்கது; எனினும் பன்னிரண்டு வாரக் குழந்தை இன்னும் மடியிற் கிடக்கும் குழந்தையே.

மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிக்குச் செல்லும் தாய்மாரின் பிள்ளைகளைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கவேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாயைப் போகவிடாத விதியொன்று 2013இல் வந்தது. பொருளாதார நெருக்கடி முற்றிய 2022இல் அவ்வெல்லை இரண்டு வயதாகக் குறைக்கப்பட்டது. விதியால் மட்டும் பிள்ளை வளர்வதில்லை. தடை வந்தால் கள்ள வழி திறக்கும். தடை நீங்கினால் பாட்டியின் தலையிற் பாரம் ஏறும். அப்பாட்டிக்கு உதவுவது யார் என்பதைப் பற்றிப் பேச்சில்லை.

தோட்டங்களிற் பிள்ளை மடுவங்கள் பல இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையங்களென மாறியிருக்கின்றன. பயிற்சி பெற்ற இளம் பெண்கள் அங்கே கடமையாற்றுகின்றனர். சென்ற ஆண்டு கலஹாப் பக்கத்தில் அத்தகைய நிலையமொன்றைப் பார்க்கப் போயிருந்தேன். சுவரிலே படங்கள், தரையிலே பாய், மூலையில் விளையாட்டுச் சாமான்கள். பராமரிப்பாளரான தங்கை ஒருவர், ஒரு பிள்ளைக்குக் கால் கழுவிக்கொண்டே மற்றொன்றோடு பேசிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஒரு குழந்தை வீரிட்டது. "இந்தா வாறேன், சாமி, இந்தா வந்துட்டேன்" என்று குரல் கொடுத்தார். அவர் போய்ச் சேருமுன்னமே அழுகை தணிந்து, குழந்தை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. "கைப்புள்ளைங்க எத்தனை பேர், அம்மா?" என்று கேட்டேன். "ஏழு பேரு சார். பெருசுங்க பதினொண்ணு. நான் ஒருத்திதான்" என்றார். மாலையில் தாய்மார் வந்து கூட்டிப்போகும்வரை அவர் உட்கார்ந்ததை நான் காணவில்லை.

விழா ஆண்டையொட்டி நம் சங்கம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பால்மாவும் பாடசாலைப் பைகளும் வழங்கத் தீர்மானித்திருப்பதாக அறிகிறேன். அதனோடு, ஒரு நிலையத்துக்கு இரண்டாவது பராமரிப்பாளர் ஒருவரின் சம்பளத்தை மூன்றாண்டுக்கு ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிறேன். தோட்ட முகாமையில் இருக்கும் நம் பழைய மாணவர்கள் இசைந்தால் இது பெரிய காரியமன்று. பேராதனைச் சிறுவர் வைத்தியசாலையிற் கடமையாற்றும் நம் வைத்திய அன்பர்கள், கைக்குழந்தையோடு பேசுவது எப்படி, விளையாடுவது எப்படி என்று அப்பெண்களுக்கு ஆண்டில் இரண்டு நாள் சொல்லிக் கொடுக்கலாம். எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பேர் என்ற கணக்கை நாலைந்து நிலையங்களிலிருந்து எடுத்துச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். வேண்டியோர் கேட்டுப் பார்க்கலாம்.